அத்தையின் கூட்டாளி

கல்யாணமாகி வந்த நாள் முதல் மாமியாரிடம் 'சரிங்க அத்தை' என்பதற்கு மேல் ஒரு சொல் பேசியறியாத மாதவி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அதே மாமியாரைப் பார்த்து 'போடி புஷ்பா' என்று சொன்னாள். சொன்ன வேகத்திலேயே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கூரை இடிந்து விழவில்லை. சாமி விளக்கு அணையவில்லை. மாமியார் புஷ்பவள்ளி மட்டும் முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

முன்கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும்.

புஷ்பவள்ளி கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உதிரி பொறுக்கியவள். குலையை வெட்டித் தள்ளும்போது சிதறி விழும் பழங்களுக்கு உதிரி என்று பெயர். ஆரஞ்சு நிறத்தில், பாக்கு அளவில் இருக்கும். புல்லுக்குள் போனாலும் சேற்றுக்குள் போனாலும் விடக் கூடாது. ஒன்று கிடந்தாலும், மேற்பார்க்கும் மண்டோர் பேர் வெட்டிவிடுவான், அன்றைய கூலி போய்விடும். அப்படிக் குனிந்தே வளர்ந்த கண்ணுக்கு எதிலும் குறை தப்பாது. தோட்டத்தை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்பு வீட்டுக்கு வந்த பிறகு, அந்தக் கண் மருமகள் பக்கம் திரும்பியது.

மாதவி வைக்கும் ரசத்துக்கு அவள் வைத்த பெயர் கழனித் தண்ணி. திங்கட்கிழமை புளி ஏறிவிட்டது என்பாள். செவ்வாய்க்கிழமை புளி எங்கே என்று கேட்பாள். புளியும் மிளகும் உப்பும் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கிற நாளில், கிண்ணம் சரியில்லை என்பாள். ஆனால் கிண்ணத்தில் ஒரு சொட்டு மிச்சம் வைத்ததில்லை. மாதவி அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. அவள் குரல் மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டாது. குச்சி மாதிரி உடம்பு. சிரிக்க வந்தால்கூட முந்தானைக்குள் சிரித்துவிட்டு வெளியே வருகிற ஆள்.

இப்படியே போயிருக்க வேண்டிய வாழ்க்கைதான். மறதி வந்து குறுக்கே நின்றது.

முதலில் வீட்டுச் சாவி அரிசிப் பானைக்குள் கிடைத்தது. பிறகு பல் துலக்கும் பிரஷ் சாமி மேடையில் கிடைத்தது. ஒரு நாள் சொந்த மகன் சசிகுமாரையே பார்த்து, 'நீங்க எந்த ஊருங்க தம்பி' என்று மரியாதையாகக் கேட்டாள். கிளினிக்கில் டாக்டர், இது டிமென்ஷியா, மூளை சுருங்கிக்கொண்டே வரும், மருந்து இதை நிறுத்தாது, வேகத்தை வேண்டுமானால் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். மறதி மட்டும் இல்லை, குணமும் மாறும், மனநிலையும் மாறும், உங்கள் அம்மாவுக்குள்ளேயே வேறு வேறு ஆட்கள் வந்து போவது மாதிரி இருக்கும் என்றார். வெளியே வந்தபோது தாதி ஒருத்தி மாதவியின் கையைப் பிடித்து, அவங்க சொல்றத மறுத்துப் பேசாதே, அவங்களுக்குத் தெரியறது அவங்களுக்கு நிஜம், நீயும் கூடவே போய்ப் பார் என்று மலாயில் சொல்லி அனுப்பினாள்.

கூடவே போவது என்றால் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கும் என்பது அந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. அன்று காலை மாதவி காப்பி கொண்டுபோய் வைத்தாள். புஷ்பவள்ளி நிமிர்ந்து பார்த்து, முகமெல்லாம் விரிய, 'ஏய் காளி, எப்படி வந்த' என்றாள்.

காளியம்மா என்பவள் பழைய தோட்டத்தில் புஷ்பவள்ளியோடு ஒரே நிரையில் உதிரி பொறுக்கிய கூட்டாளி. செத்துப் பல வருஷம் ஆகிறது. மாதவி அவளை ஒரே ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். மாப்பிள்ளை ஊர்வலத்து மேளத்தையே நிறுத்திவிட்டுப் பேசினவள்.

மாதவி வழக்கம்போல, 'சொல்லுங்க அத்தை' என்றாள்.

புஷ்பவள்ளியின் முகம் சுருங்கிப்போயிற்று. 'அத்தையா? ஏண்டி காளி, எம்மேல கோவமா?' என்று கேட்டபோது உதடு நடுங்கியது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் அழுதுவிடுவாள். மாதவிக்குத் தாதி சொன்னது ஞாபகம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கிணற்றில் குதிக்கிறவள் மாதிரி மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

'கோவமும் இல்ல ஒண்ணும் இல்ல. போடி புஷ்பா.'

இப்படித்தான் ஆரம்பித்தது.

அன்றிலிருந்து காலை நேரமெல்லாம் அந்த வீட்டில் திருவிழா. புஷ்பவள்ளிக்குக் காளியம்மா கிடைத்துவிட்டாள். மாதவிக்கோ, பள்ளிக்கூடத்திலும் கிடைக்காத, மீன் உருண்டைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோதும் கிடைக்காத கூட்டாளி, எழுபதையும் தாண்டிய ஒருத்தியாகச் சொந்த வீட்டுக்குள்ளேயே கிடைத்தாள். சசிகுமார் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டப் போய்விடுவான். மாதவியின் மகன் சுங்கை ஆயர் தாவாரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். வீட்டில் கேட்க ஆளில்லை. இரண்டு பேரும் காலை நீட்டி உட்கார்ந்து கால் விரலுக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டார்கள். சோறு தின்பதற்கு முன்னால் ஐஸ்கிரீம் தின்றார்கள். ஒரு நாள் புக்கிட் மெலாவாத்திக்குக் குரங்கு பார்க்கப் போனார்கள். கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பார்த்ததும் சாம்பல் குரங்கு ஒன்று புஷ்பவள்ளியின் தோளில் ஏறி உட்கார்ந்து, தலையைப் பிரித்துப் பார்த்தது. புஷ்பவள்ளி அசையாமல் நின்று, 'நல்லாப் பாருங்க மண்டோர் ஐயா, ஒரு உதிரிகூட ஒளிச்சு வைக்கல' என்றாள். மாதவி சிரித்த சிரிப்பில் பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள் குரங்கை விட்டுவிட்டு அவளைப் படம் எடுத்தார்கள்.

எல்லாவற்றையும்விட ருசியானது, இரண்டு பேரும் சேர்ந்து மருமகளைத் திட்டுவது.

புஷ்பவள்ளி வாயருகே கையை வைத்துக்கொண்டு ரகசியம் பேசுவாள். என் மருமகள் நடந்தால் சத்தமே வராது, பூனை மாதிரி பின்னால் வந்து நிற்பாள், அப்படி நடக்கத் தெரிந்தும் ஒரு பண்டம் திருடித் தின்னத் துப்பு இல்லாதவள் என்பாள். மாதவிக்கு முதல் நாள் சுருக்கென்று இருந்தது. இரண்டாம் நாள் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாளிலிருந்து அவளே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். வாயில் கொழுக்கட்டையா வச்சிருக்கா அவ, பேசவே மாட்டேங்கிறாளே என்றாள். காய் நறுக்கச் சொன்னால் கோலம் போடுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாளாமே என்றாள். தன்னைத் தானே திட்டுவதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று யார் கண்டார்கள். ஒரு நாள் உற்சாகத்தில் எல்லை தாண்டி, துணி மடிக்கக்கூட அவளுக்குத் தெரியாதாம் என்று சொல்லிவிட்டாள்.

புஷ்பவள்ளி சட்டென்று நிமிர்ந்தாள். 'துணி மடிக்கிறதுல அவள ஒண்ணும் சொல்ல முடியாது. அது எங்க வீட்டுச் சங்கதி, நீ ரொம்பப் பேசாத காளி' என்றாள்.

மாதவி அன்று முழுக்கத் துணி மடித்தாள்.

ஆனால் பொழுது சாய்ந்தால் எல்லாம் மாறிவிடும். வெயில் இறங்கி எதிர்வீட்டுச் சுவரில் நிழல் ஏறுகிற நேரத்தில், யாரோ உள்ளே புகுந்து விளக்கை அணைத்த மாதிரி, புஷ்பவள்ளியின் சிரிப்பு நின்றுபோகும். சேலையை மூட்டை கட்டிக்கொண்டு கேட்டைப் பிடித்து நிற்பாள். வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும் என்று அழுவாள். இதுதான் வீடு என்றால் ஆத்திரம் பொங்கும். சோற்றுத் தட்டு பறக்கும். கையில் போட்டிருக்கிற வளையலையே காணோம் என்று தேடி, மருமகள் எடுத்துவிட்டாள் என்பாள். அந்த நேரத்தில் காளியம்மாவும் கிடையாது, மாதவியும் கிடையாது. யாரோ ஒரு அந்நியப் பெண் கூடவே நடந்து, கண்ணீரைத் துடைத்துவிட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் புஷ்பவள்ளி கைப்பேசியில் மகளின் படத்தை அமுக்குவாள். படத்தை அமுக்கினால் அழைப்புப் போகிற மாதிரி மகளே வைத்துக் கொடுத்தது அது. மகள் ஷாமளா சசிகுமாருக்கு அக்கா. ரவாங்கில் ஆபீஸ் வேலை, குடியிருப்பது புக்கிட் பெருந்துங். விரலில் மீன் குழம்பு மணம் போவதற்குள் புஷ்பவள்ளி அவளிடம், மருமக எனக்குச் சோறே போடல என்று அழுவாள். ஷாமளாவுக்கு அம்மாவின் காலைகளைத் தெரியாது. அவளுக்கு வந்ததெல்லாம் சாயங்காலங்கள்தான். கேட்டுக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

பெருந்துங் பக்கத்தில் நல்ல முதியோர் இல்லம் ஒன்று பார்த்துவிட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவை அழைத்துப் போவதாகவும், துணிமணியை எடுத்து வைக்கும்படியும் சொன்னாள். சசிகுமார், அக்கா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குலா என்றான். மாதவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, நீ சொல்றதுலயும் இருக்கு என்றான். மாதவி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

என்ன சொல்லுவாள்? இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சேதி வந்திருந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பாள். இப்போது அதே பிள்ளையாரிடம், அவளை இங்கேயே விட்டு வை என்று வேண்டினாள். உங்கள் அம்மா என் கூட்டாளி, அவளைக் கொண்டுபோகாதீர்கள் என்று நாத்தனாரிடம் சொன்னால், மறதி நோய் மருமகளுக்கும் தொற்றிக்கொண்டது என்றுதான் நினைப்பாள். துணிகளை எடுத்து வைத்தாள். எடுத்து வைத்ததை மறுபடி பிரித்து மடித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சீனப் புத்தாண்டுப் பெருநாள் கழிந்த சமயம். தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம் சிவப்பாகக் கிடந்தது. மாதவி ஒரு திட்டம் போட்டாள். ஷாமளா வந்து இறங்கும்போது, அம்மா குளித்து, பட்டுச் சேலை கட்டி, வயிறு நிறைந்து, படத்தில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி ஹாலில் உட்கார்ந்திருக்க வேண்டும். பார்த்த மாத்திரத்தில் சந்தேகம் போய்விட வேண்டும். அதன்படியே குளிப்பாட்டினாள். பச்சைப் பட்டைக் கட்டிவிட்டாள். இட்லியும் சாம்பாரும் கொடுத்தாள். புஷ்பவள்ளி, 'இன்னும் இருக்கா காளி' என்று கேட்டுக் கேட்டுத் தின்றாள். சசிகுமார் தேங்காய்ப்பால் வாங்க மோட்டார் சைக்கிளில் போனான். மாதவி ரசத்துக்குத் தாளிக்க உள்ளே போனாள்.

கடுகு வெடித்து அடங்குவதற்குள் ஹாலில் நாற்காலி காலியாக இருந்தது.

கேட் திறந்து கிடந்தது. எதிர்வீட்டு லிம் ஆன்ட்டி, கருவாடும் காய்ந்த இறாலும் வீட்டு முன்னாலேயே வைத்து விற்கிறவள். பெருநாளுக்காகத் தங்க நிறம் அடித்த இரண்டு பெரிய தொட்டிகளில் லிமாவ் செடி வாங்கி வாசலில் வைத்திருந்தாள். ஆள் உயரச் செடி. இலை தெரியாமல் குட்டி ஆரஞ்சுப் பழங்கள். பதினைந்தாம் நாள் வரை பழம் உதிராமல் நின்றால் அந்த வருஷம் வியாபாரம் ஓகோ என்று நடக்கும் என்பது அவள் நம்பிக்கை. உதிராமல் இருக்க அவள் செடிக்குப் பக்கத்தில் இருமக்கூட மாட்டாள்.

ஒரு செடி மொட்டையாக நின்றது.

இன்னொரு செடியின் கீழே, பட்டுச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, பழைய பெயின்ட் வாளியோடு புஷ்பவள்ளி குந்தியிருந்தாள். பாக்கு அளவு, ஆரஞ்சு நிறம், மரத்தடி. அவள் கைக்கு வேறு என்ன அடையாளம் வேண்டும். தரையில் கிடந்த நாலைந்தை முதலில் பொறுக்கியிருக்கிறாள். பிறகு, இன்றோ நாளையோ உதிரப் போவதுதானே என்று மரத்தையே உலுக்கிவிட்டாள்.

மாதவி பறந்து போய்க் கையைப் பிடித்தாள். வா, வீட்டுக்குப் போகலாம் என்று கெஞ்சினாள்.

'நிக்காத காளி, குந்திப் பொறுக்கு. மண்டோர் வர்றான். ஒண்ணு கெடந்தாலும் பேரு வெட்டிருவான்.'

மாதவி இழுத்தாள். புஷ்பவள்ளியின் உதடு நடுங்க ஆரம்பித்தது. சாயங்காலத்து முகம் காலையிலேயே எட்டிப் பார்த்தது. இந்த முகத்தோடு ஷாமளாவின் முன்னால் நிறுத்தினால் கதை அங்கேயே முடிந்தது. மாதவி தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தாள், அந்தக் கோடியைப் பார்த்தாள். சட்டென்று குந்தினாள். சீக்கிரம் பொறுக்கி முடித்துவிட்டுக் கூட்டிக்கொண்டு ஓடிவிடலாம், லிம் ஆன்ட்டி காலில் பிறகு விழுந்துகொள்ளலாம்.

முதல் ஐந்தாறு பழம் பயத்தில் பொறுக்கினாள். அதற்குப் பிறகு என்ன ஆயிற்றோ, கைக்கு வேகம் வந்துவிட்டது. புஷ்பவள்ளி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வாளியில் பழம் விழும் சத்தம் மழை மாதிரி கேட்டது. ஒரு பழம் சாக்கடைப் பக்கம் உருண்டது. புஷ்பவள்ளி வாத்து மாதிரி குந்தியபடியே அதைத் துரத்தினாள். மாதவிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மின்விசிறியை எல்லாம் தாண்டிப் போகிற குரலில் கத்தினாள்.

'ஏண்டி புஷ்பா, அங்க ஒண்ணு ஓடுது பாரு, விட்றாதடி.'

பின்னால் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஷாமளா நின்றுகொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு பழப்பெட்டி. அவள் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான். அம்மா நடுத்தெருவில், பட்டுச் சேலையோடு, அடுத்தவர் வாசலில் பழம் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். தம்பி பொண்டாட்டி அவளை வாடி போடி என்று விரட்டி வேலை வாங்குகிறாள்.

'எங்கம்மாவ டி போட்டுப் பேசுறியா, மாதவி.' அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

மாதவி எழுந்தாள். மடியில் இருந்த பழமெல்லாம் கொட்டியது. காளியம்மா ஓடிப்போய்விட்டாள். பழைய மாதவி மட்டும் நின்றாள். அண்ணி, அது வந்து, என்று மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டாத குரலில் ஆரம்பித்தாள்.

அதே நேரத்தில் லிம் ஆன்ட்டியும் வெளியே வந்தாள். ஒரு செடியைப் பார்த்தாள். இன்னொரு செடியைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் புஷ்பவள்ளி வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக அவளிடம் போனாள். கருவாடு நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவள் வேறு யாராக இருக்க முடியும், தோட்டத்தில் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணியைத் தவிர. வாளியைத் தராசின் முன்னால் வைத்துவிட்டு, தலையைத் தாழ்த்தி, மண்ணு கல்லு ஒண்ணும் கலக்கல, நல்லா நிறுங்க கிராணி ஐயா என்றாள்.

லிம் ஆன்ட்டி புஷ்பவள்ளியின் முகத்தைப் பார்த்தாள். மாதவியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாளியைத் தூக்கித் தராசில் வைத்து, முள்ளைக் குனிந்து பார்த்து, எடையை மலாயில் உரக்கச் சொல்லி, பாகூஸ், பாகூஸ், ரொம்ப நல்லது என்று தலையாட்டினாள். புஷ்பவள்ளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. லிம் ஆன்ட்டி மாதவியிடம் மலாயில் பொரிந்து தள்ளினாள். அவள் அப்பா மீன்பிடிக்காரராம். கடைசிக் காலத்தில் ஐஸ்பெட்டியில் இருக்கும் மீனையெல்லாம் எடுத்துக்கொண்டுபோய், பாவம் நீந்தட்டும் என்று ஆற்றில் விட்டுவிட்டு வருவாராம். வீட்டில் வாரம் முழுக்கக் கீரைதானாம். இந்தப் பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, சிவப்பு நூல் இருக்கிறது, திரும்பக் கட்டிவிடலாம், சாமிக்குத் தெரியவா போகிறது என்றாள்.

மாதவிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் ஷாமளாவின் முகம் இளகவில்லை. காரைத் திறந்து, அம்மா வாங்க, போலாம் என்றாள்.

அப்போதுதான் புஷ்பவள்ளி அவளைப் பார்த்தாள். மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். இறுக்கிய உதடு, சிரிக்காத முகம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

'வந்துட்டாளா மகாராணி. பாத்துக்க காளி, இவதான் என் மருமக.'

ஷாமளா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். 'அம்மா, நான் ஷாமளா.'

'ஷாமளா ஸ்கூலுக்குப் போயிருக்கா. நேத்து பூரா எனக்கு ஒரு வாய் சோறு போட்டியாடி நீ? பட்டினி போட்டு உறங்க வச்சியே, நெஞ்சுல ஈரம் இருக்கா?'

'நேத்து நான் பெருந்துங்ல இருந்தேன்மா.'

'எங்க இருந்தா என்ன, சோறு போட்டியா இல்லயா? என் வளையல் எங்க? நீதான எடுத்த? இரு இரு, எம்மவ ஷாமளா வரட்டும். அவ காதுல போட்டேன்னா நீ தொலைஞ்ச.'

ஷாமளா கையிலிருந்த பழப்பெட்டியைக் கார் மேல் வைத்தாள். தன் பெயரைச் சொல்லித் தன்னையே மிரட்டுகிறவளிடம் என்ன வழக்குப் பேசுவது. கண் தானாக அம்மாவின் கைக்குப் போயிற்று. வளையல் மணிக்கட்டில் மினுமினுத்தது. அதற்கு மேலே பச்சைப் பட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு சாம்பார், இன்னும் காயாமல். வாயோரத்தில் இட்லித் துணுக்கு.

அவள் நெடுநேரம் அந்த இட்லித் துணுக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு சாயங்காலமும் கைப்பேசியில் கேட்ட அழுகையெல்லாம் இப்போது அவள் மேலேயே வந்து விழுந்திருந்தது. சோறு போடாதவள் அவள். வளையல் திருடினவள் அவள். இரண்டும் பொய் என்று இந்த உலகத்தில் வேறு யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மெதுவாகத் திரும்பி மாதவியைப் பார்த்தாள். 'தெனமும் இப்படித்தானா?'

'சாயங்காலம் மட்டும் அண்ணி. காலையில நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் மருமகளத் திட்டுவோம்.'

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று மாதவிக்கு உறைத்தது. அப்போது பார்த்து சசிகுமார் தேங்காய்ப்பால் பையோடு மோட்டாரில் வந்து இறங்கினான். அம்மா அவனைக் கூப்பிட்டு, தம்பி, நீங்களே நியாயம் சொல்லுங்க, இந்தப் பொண்ணு எனக்குச் சோறு போடல என்று அக்காவைக் காட்டினாள். அவன் அக்காவைப் பார்த்தான், மாதவியைப் பார்த்தான், மொட்டைச் செடியைப் பார்த்தான். சிரிக்கக் கூடாது என்று மூச்சைப் பிடித்ததில் ஹெல்மெட்டுக்குள் ஏதோ வெடித்த மாதிரி சத்தம் வந்தது. அவ்வளவுதான். லிம் ஆன்ட்டி சிரித்தாள். மாதவி முந்தானை இல்லாமலே சிரித்தாள். ஷாமளா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள், சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். எதற்கென்று தெரியாமலே புஷ்பவள்ளி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

சிரிப்பு ஓய்ந்த பிறகும் கார்க்கதவு திறந்தேதான் இருந்தது. ஷாமளா கடைசியாக ஒரு முறை அம்மாவின் தோளைத் தொட்டாள். நல்ல இடம்மா, வந்துதான் பாருங்களேன் என்று கேட்டாள். புஷ்பவள்ளி பின்வாங்கி மாதவியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். லிமாவ் வாசம் அடிக்கும் கை.

'மருமககூட நான் வரல. காளி வந்தா வர்றேன்.'

ஷாமளா அந்தக் கைகளைப் பார்த்தாள். பிடித்த பிடியில் மாதவியின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. ஷாமளா எட்டிக் கார்க்கதவைச் சாத்தினாள்.

பிறகு எல்லோரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து சிவப்பு நூலால் பழம் கட்டினார்கள். நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் ஒரே செடியில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் கட்டினார்கள். மாதவி கட்டினது இயல்பாகத் தொங்கியது, ஷாமளா கட்டினது தூக்கு மாட்டிக்கொண்ட மாதிரி தொங்கியது. புஷ்பவள்ளி நடுவே நின்று மேற்பார்வை பார்த்தாள். மருமகள் வேலையில் குறை கண்டுகொண்டே இருந்தாள்.

'அப்போ எனக்கு இனிமே மருமக வேலைதானா?' என்று ஷாமளா இலைகளுக்கு நடுவிலிருந்து கேட்டாள். குரலில் கொஞ்சம் வலி இருந்தது.

மாதவி யோசித்தாள். 'செல நாளு மகளாவும் வெப்பாங்க அண்ணி. மருமக வேல ஒண்ணும் கஷ்டமில்ல. திட்டுனா தலைய ஆட்டணும், அவ்வளவுதான். நான் சொல்லித் தர்றேன்.'

ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்துவிடுவதாக ஷாமளா சொன்னாள். சாயங்காலம் வரைக்கும் இருப்பேன், அந்த நேரத்துக்கு இன்னொரு ஆள் வேணும்ல என்றாள். இல்லத்துக்குப் போன் செய்து இப்போதைக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். எடுத்து வைத்த துணிப்பையை சசிகுமார் யாரும் கேட்காமலே அலமாரிக்குத் தூக்கிப்போனான்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மருமகள்தான் பரிமாற வேண்டும், அதுதான் முறை என்று புஷ்பவள்ளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், ஷாமளா கரண்டியைப் பிடித்தாள். காளியம்மா விருந்தாளி, அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் மாதவி முதல் பந்தியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

ஷாமளா ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். புஷ்பவள்ளி தூக்கி ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். முகத்தைச் சுளித்தாள்.

'கழனித் தண்ணி' என்றாள், வீடு முழுக்கக் கேட்கும்படி.

மாதவி சொல்லிக்கொடுத்தபடியே ஷாமளா தலையை ஆட்டினாள்.

புஷ்பவள்ளி அவள் அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தாள். பிறகு மாதவியின் பக்கம் சாய்ந்து, வாயருகே கையை வைத்துக்கொண்டாள். லிமாவும் மிளகும் கலந்த மூச்சு காதில் பட்டது.

'நல்லாத்தான்டி வைப்பா. இந்தத் தாமான்லயே இவ கை யாருக்கும் வராது. நீ சொல்லிக்கில்லித் தொலைச்சிராத, தலைக்கு ஏறிரும்.'

மாதவி சோற்றைப் பிசைந்தாள். பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தாள்.

'நான் ஏண்டி சொல்லப்போறேன்' என்று சொல்லிவிட்டு, தன் கிண்ணத்தையும் நாத்தனாரிடம் நீட்டினாள்.